காலிப் பெட்டியின் எடை

ரயில்வே சரக்கு யார்டில் அவரைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பதிவேட்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே புகுந்து கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதும்தான் வேலை. இருபத்தெட்டு வருடம் அதையே செய்தவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. யார்டில் யாருக்கும் சொந்தப் பெயர் தங்காது. தண்டவாளம் சேருகிற இடங்களில் போல்ட் முடுக்குகிறவர் போல்ட். இரண்டு வருடத்துக்கு முன்பு என்ஜின் ஓட்ட வந்த பெண் புதுசு. தலை நரைத்து ஓய்வு பெறுகிற நாளிலும் அவள் புதுசாகத்தான் இருப்பாள்.

போல்ட் வேறு யாரும் இல்லை, கொக்கியின் தங்கை கணவர். கொக்கியே பார்த்துச் செய்துவைத்த கல்யாணம். கூட வேலை செய்கிற ஆள், குடிப்பதில்லை, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார், இதற்கு மேல் என்ன விசாரிக்க வேண்டும் என்று நினைத்தார். அவருடைய சொந்தக் கல்யாணம் நான்கு வருடம்தான் நீடித்தது. மனைவி ஒரு காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு தங்கை வீட்டு மாடி அறையில் ஒரு கட்டில், கீழே தங்கை கையால் மூன்று வேளையும் சாப்பாடு. "ஒரே வீட்டுல கொக்கியும் இருக்கு, போல்ட்டும் இருக்கு. எந்தப் புயலுக்கும் அந்த வீடு அசையாதுப்பா" என்று யார்டில் கிண்டலடிப்பார்கள். கொக்கிக்கு அந்தக் கிண்டல் பிடிக்கும்.

படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. அறிவியல் காலை வாரிவிட்டது. சுடும்போது துப்பாக்கி ஏன் பின்னால் உதைக்கிறது என்று ஒரு கேள்வி. "பிடிக்கிறவனுக்கு ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாததால்" என்று எழுதிவிட்டு வந்தார். வாத்தியார் அதை வகுப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டிச் சிரித்தார். அந்த விடைக்கு முட்டை போட்டது அநியாயம் என்பது கொக்கியின் கருத்து. ஐம்பத்தாறு வயதிலும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் எது எதை எவ்வளவு தூரம் தள்ளும் என்பது மட்டும் அவருக்கு உடம்பில் ஊறிப்போயிருந்தது. நின்றுகொண்டிருக்கும் மூன்று காலிப் பெட்டிமீது ஒரு காலிப் பெட்டி நடை வேகத்தில் போய் இடித்தால், கொக்கி தானாக மாட்டிக்கொள்ளும். நான்கும் சேர்ந்து மூன்று தப்படி நகர்ந்து நிற்கும். ஐந்து பெட்டிமீது இடித்தால் ஒன்றரைத் தப்படிகூடப் போகாது. சமதளமான அந்த யார்டில் இது தவறியதே இல்லை. இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று யாராவது கேட்டால், "இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? பார்த்தாலே தெரியுதே" என்பார். அவருக்குப் பார்த்தாலே தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். என்ஜின் பதினைந்து பெட்டிகளை முன்னால் விட்டுத் தள்ளிக்கொண்டு மெதுவாக வரும். எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கிற பெட்டியின் கொக்கியைக் கழற்றிவிட்டு அவர் கொடியை அசைப்பார். என்ஜின் நின்றுவிடும். கழன்ற பெட்டி மட்டும் வந்த வேகத்திலேயே தன்பாட்டுக்கு உருண்டு போகும். கை பிரேக்கின்மேல் ஒரு கையை வைத்தபடி அவரும் பக்கத்தில் நடந்து போவார். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. காலிப் பெட்டியை மட்டும்தான் இப்படி அவிழ்த்துவிடலாம். சரக்கு இருக்கிற பெட்டியை என்ஜின் கூடவே கொண்டுபோய்ப் பதமாகச் சேர்க்க வேண்டும்.

ஆகவே பெட்டி காலியா இல்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். பேப்பரை நம்பக் கூடாது என்று விதியே இருக்கிறது. குனிந்து, சக்கரத்துக்கு மேலே இருக்கும் இரும்பு வில்லைப் பார்க்க வேண்டும். சுமை இருந்தால் வில் தட்டையாகப் படிந்திருக்கும், இல்லாவிட்டால் வளைந்து நிமிர்ந்திருக்கும். பார்த்த பிறகு கதவில் சாக்பீஸால் ஒரு வட்டம். வட்டம் போட்ட பெட்டியை யாரும் திறந்து பார்ப்பதில்லை, அதற்குத்தானே வட்டம்.

இருபத்தாறு வருடம் கொக்கி குனிந்து பார்த்தவர்தான். பிறகு முழங்கால் இரண்டும் மக்கர் செய்ய ஆரம்பித்தன. உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு அறுபது பெட்டிக்குக் குனிந்து நிமிர்வது நடக்கிற காரியமாக இல்லை. அதனால் நின்ற வாக்கிலேயே விரல் முட்டியால் பெட்டியின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். காலி என்றால் டங்கென்று உள்ளே எதிரொலிக்கும். மூட்டை அடுக்கியிருந்தால் சத்தம் அப்படியே அமுங்கிவிடும். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. "கொக்கி தட்டினா டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்த மாதிரி" என்று யார்டு மாஸ்டரே வாயாரச் சொன்னார். விதி என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. பாராட்டு வாங்கியவரும் அதை நினைவுபடுத்தவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த பெட்டியில் இரும்புத் தகடுகள் இருந்தன. இரண்டு நாளைக்கு முன்பே ஒரு பட்டறையில் இறக்கியிருக்க வேண்டியவை. பேப்பரில் இறக்கியாகிவிட்டது, பெட்டியிலிருந்துதான் இறங்கவில்லை. தகடுகள் பாய் விரித்ததுபோல் தரை முழுக்க, அரைச் சாண் உயரத்துக்குப் படிந்து கிடந்தன. அதற்கு மேலே கூரைவரை வெறும் காற்று. கொக்கி தன் தலை உயரத்தில் தட்டினார். டங்கென்றது. வட்டம் போட்டார். அடுக்கிய மூட்டையைக் காட்டிக்கொடுக்கும் தட்டு, படுத்துக் கிடக்கும் இரும்பைக் காட்டிக்கொடுக்காது என்று அவருக்குத் தோன்றவில்லை. இருபத்தெட்டு வருடம் ஆன ஆளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அதே தடத்தில், நின்றுகொண்டிருந்த மூன்று காலிப் பெட்டிகளுக்கு அப்பால், போல்ட் மண்டி போட்டு உட்கார்ந்து ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தார். கொக்கி கொடியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"வர்றது காலியா மச்சான்?"

"காலிதான் மாப்ள! வட்டம் போட்டாச்சு!"

போல்ட் எழுந்து, கடைசிப் பெட்டியிலிருந்து ஆறு தப்படி எண்ணி, அங்கே இருந்த அடுத்த போல்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று தப்படி நகரும், அதற்கு இரட்டிப்பாக இடம் விட்டால் போதும் என்பது யார்டு வழக்கம். அவர் ஒன்றும் அசட்டையான ஆள் இல்லை. மச்சான் வாயிலிருந்து வந்த சொல்லின் மேல்தான் அந்த ஆறு தப்படியையும் எண்ணினார்.

புதுசு எப்போதும்போல் தள்ளினாள். கொக்கி எப்போதும்போல் கழற்றிவிட்டுக் கூடவே நடந்தார். இடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. காலிப் பெட்டி இடித்தால் தகரமெல்லாம் சேர்ந்து உதறிக்கொண்டு கத்தும். இது கத்தவில்லை. அடித்தொண்டையில் கனைத்ததுபோல் ஒரே ஒரு சத்தம். கை பிரேக்கை அழுத்துவதற்குள் நான்கு பெட்டியும் அவர் கண் முன்னாலேயே நழுவிப் போயின. நான்கு தப்படி, ஐந்து, ஆறு. ஏழாவது தப்படியில் தங்கை கணவர் அலறியது கேட்டது. பன்னிரண்டாவதில் பெட்டிகள் நின்றன.

போல்ட்டின் வலது பாதத்தைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, கொக்கி ஓரத் தடத்துக்குப் போனார். இடித்த வேகத்தில் முன்பக்கம் வளைந்துபோன அந்தப் பெட்டியை அங்கேதான் ஒதுக்கியிருந்தார்கள். பிரேக்கைச் சோதித்தாயிற்று, சக்கரத்தைச் சோதித்தாயிற்று. கதவில் வட்டம் இருந்ததால் உள்ளே மட்டும் யாரும் பார்க்கவில்லை. வில்லைக் குனிந்து பார்த்திருந்தால் போதும். குனிய யாருக்கும் தோன்றவில்லை. அவர் கதவை ஒரு முழம் தள்ளினார். தகடுகளைப் பார்த்தார். அந்த மாதிரித் தகடு எத்தனையோ தடவை அந்த யார்டு வழியாகப் போயிருக்கிறது; அரைச் சாண் என்றால் இருபது டன் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கதவைச் சத்தமில்லாமல் இழுத்து மூடிவிட்டு வந்தார்.

ஐந்தாம் நாள் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்திருந்தார். குள்ளமான உருவம், இடது கையால் எழுதுவார், சொந்த டேப் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டே அலைவார். யார்டு அலுவலகத்தின் பின்னறையில் நீள மேஜை போட்டு, பயிற்சிக் கூடத்துக் கரும்பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். முதலில் புதுசைக் கேட்டார்.

"எவ்வளவு வேகத்துல தள்ளினீங்க?"

"நடக்கிற வேகம்தான் மேடம். எப்பவும் அப்படித்தான். அண்ணன் கூடவே நடந்து வந்தார். அவரையே கேளுங்க."

பொறியாளர் கொக்கியின் பக்கம் திரும்பினார். நடை வேகம்தான் என்று சொன்னால் அடுத்த கேள்வி எதைப் பற்றி வரும் என்று கொக்கிக்குத் தெரியும். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. வீட்டில் தங்கை அழுத கண்ணோடு அவருக்காகச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பெட்டியப் பார்த்துட்டே வந்தேன் மேடம். வேகத்தச் சரியாக் கவனிக்கல."

புதுசு அவரைப் பார்த்தாள். அவர் மேஜையைப் பார்த்தார்.

பொறியாளர் எழுந்து கரும்பலகையில் நான்கு கட்டம் வரைந்தார். யார்டு மாஸ்டருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகப் பொறுமையாகச் சொன்னார். "ஓடி வர்ற பெட்டி பத்து டன். நிக்கிறது மூணும் முப்பது டன். ஓடி வர்ற பெட்டிகிட்ட உந்தம்னு ஒண்ணு இருக்கு. எடையையும் வேகத்தையும் பெருக்கினா வர்றது. இடிச்சப்புறம் அது நாலு பெட்டிக்கும் பங்காயிடும். மொத்தம் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. உந்த அழிவின்மை விதின்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க."

யார்டு மாஸ்டர் படித்தவர் மாதிரியே தலையாட்டினார்.

"பத்து டன் நாப்பது டன் ஆயிடுச்சு. அப்ப வேகம் நாலுல ஒரு பங்காகுது. நடக்கிற வேகத்துல வந்திருந்தா மூணு தப்படியில நின்னிருக்கணும். நின்னது பன்னெண்டுல. வேகம் ரெண்டு மடங்கானாத்தான் நிக்கிற தூரம் நாலு மடங்காகும். அதனால இவங்க தள்ளினது நடக்கிற வேகம் இல்ல. ஓடற வேகம்."

"இல்ல மேடம்" என்றாள் புதுசு.

"கணக்கு அப்படித்தாம்மா சொல்லுது. நடுவுல யாரும் கைவிட்டு உந்தத்தக் கூட்ட முடியாது."

அன்றிலிருந்து புதுசுக்கு வேலை இல்லை. விசாரணை முடிகிறவரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். முடிந்த பிறகும் வீட்டில்தான் இருக்கப் போகிறாள் என்று டீக்கடையில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள்.

கொக்கி அன்று மாலை மாடி அறையில் ஒரு பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். வருகிற பெட்டி பத்து டன் இல்லை, முப்பது டன். நிற்பது முப்பது. முப்பது அறுபது ஆகிறது, வேகம் பாதியாகிறது. காலிப் பெட்டிக்கு நாலில் ஒரு பங்கு, இதற்குப் பாதி. அதாவது இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு வேகம், நாலு மடங்கு தூரம். மூன்று தப்படிக்குப் பதில் பன்னிரண்டு. ஒரு விரல்கடைகூடப் பிசகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் அவருக்குச் சரியாக வராத கணக்கு அன்றைக்கு முதல் தடவையிலேயே வந்து நின்றது. அதே பன்னிரண்டு தப்படிக்கு இரண்டு விடை இருந்தது. ஒன்று ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கும், இன்னொன்று அவருடையதை. இரண்டாவது விடை ஒன்று இருப்பது உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று அப்போது நினைத்தார்.

இரண்டாம் வாரம் போல்ட் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் கட்டில் போட்டு, காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்க வைத்தார்கள். தங்கை அவருக்கு ஊட்டாத குறை. சோறு போடும்போதும், கட்டுப் பிரித்துத் துடைக்கும்போதும், அவள் வாய் ஓயவில்லை. "என்ன அவசரம் அவளுக்கு? யாரு வீட்டு அடுப்புல என்ன தீயுதுன்னு அப்படி ஓட்டினா? அவ கை விளங்காமப் போக. அவ நல்லா இருப்பாளா?" கொக்கி தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார். போல்ட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். வலி என்று தங்கை நினைத்தாள். கொக்கியும் அப்படித்தான் நினைத்தார்.

ஒரு நாள் சாதம் போடும்போது தங்கை கேட்டாள். "நீயும்தானே அங்க இருந்த. அவ வேகமா வந்தான்னு நேராச் சொல்ல வேண்டியதுதானே? பொண்ணாச்சேன்னு பாவம் பார்த்தியா?"

"கணக்கே சொல்லிடுச்சு. நான் வேற எதுக்கு?" என்றார் கொக்கி. இதைச் சொன்னபோது அவருக்குத் தன் குரலே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

பொறியாளர் கரும்பலகையோடு நிற்கிற ஆள் இல்லை. இருபதாம் நாள் காலை அதே தடத்தில் சோதனை வைத்தார். அதே மாதிரி காலிப் பெட்டி, அதே மாதிரி மூன்று பெட்டி. இந்தத் தடவை கதவைத் திறந்து, தானே உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். புதுசைக் கூப்பிட்டு என்ஜினில் ஏறச் சொன்னார். அவள் கொக்கியின் பக்கம் திரும்பவே இல்லை. ஏணிப்படியில் அவள் ஏறியபோது, இருபது நாளில் ஆள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்று பார்த்தார்.

முதலில் நடை வேகம். கொக்கி கழற்றினார், கூடவே நடந்தார், இடித்தது, தகரம் கத்தியது. பொறியாளர் டேப்பைப் போட்டார். மூன்று தப்படி.

"இப்ப ரெண்டு மடங்கு வேகம். அன்னிக்கு வந்த மாதிரியே பக்கத்துல வாங்க" என்றார்.

என்ஜின் வேகம் எடுத்தது. ஓட்டத்திலேயே எட்டிக் கழற்றிவிட்டுக் கொக்கி பெட்டியோடு ஓடினார். ஓடினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஆறேழு அடி தாண்டுவதற்குள் முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டன. கையை நீட்டியபடி, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி நொண்டிக்கொண்டு நின்றார். பெட்டி அவரை விட்டுவிட்டுப் போய் இடித்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். யார்டு மாஸ்டர் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

பொறியாளர் அளந்தார். பன்னிரண்டு தப்படி. எழுதிக்கொண்டார். கணக்கு சரிதான் என்று தோன்றியிருக்கும். ஆனால் அவர் நோட்டை மூடவில்லை. கொக்கி நின்றிருந்த இடத்துக்கு நடந்து வந்தார். பெட்டிக்கும் அவருக்கும் நடுவே இருந்த தூரத்தை ஒரு தடவை பார்த்தார்.

"அன்னிக்கு இடிச்சப்ப நீங்க பெட்டி பக்கத்துலதான் இருந்தீங்கன்னு நாலு பேரு எழுதிக் குடுத்திருக்காங்க. பிரேக்ல கை வச்சிருந்தீங்களாம்."

கொக்கி முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"இந்த வேகத்துல உங்களால கூட வர முடியலையே. அன்னிக்கு எப்படி வந்தீங்க?"

பொய் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்தது. முழங்கால் அன்றைக்கு நன்றாக இருந்தது, அதற்கப்புறம்தான் மோசமாயிற்று என்று சொன்னால் போதும். முழங்காலைத் திறந்து பார்க்க யாராலும் முடியாது. அதைச் சொல்ல வாயைத் திறந்தார். என்ஜின் ஜன்னலில் புதுசு நின்றுகொண்டிருந்தாள். கெஞ்சுகிற முகமாக இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். அவள் அவரிடம் எதையும் எதிர்பார்க்காத முகத்தோடு, வேலை முடிந்ததா, இறங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அவரால் தாங்க முடியவில்லை.

"நடந்துதான் வந்தேன் மேடம்" என்றார். "அந்தப் பொண்ணு சொன்னதுதான் நிஜம். ஓரத் தடத்துல நிக்கிற பெட்டியத் திறந்து பாருங்க."

யார்டு மாஸ்டர்தான் கதவைத் தள்ளினார். வெயில் உள்ளே விழுந்தது. பொறியாளர் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு நோட்டைப் பிரித்து நின்றபடியே இரண்டு வரி எழுதினார்.

"இருபது டன் இருக்குமா?"

"இருக்கும் மேடம். போட்டுப் பார்த்தேன். பன்னெண்டு சரியா வருது."

"முதல் நாளே நடை வேகம்னு சொல்லியிருந்தா நான் அன்னிக்கே எடையத் தேடியிருப்பேனே."

"தெரியும் மேடம். அதனாலதான் சொல்லல."

பொறியாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் திட்டவில்லை. குனிந்து பார்க்காமல் வட்டம் போட்டது, தெரிந்தும் மறைத்தது, இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கொடியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். மற்றதை அலுவலகம் முடிவு செய்யும் என்றார்.

போகிற வழியில் என்ஜினைத் தாண்டித்தான் போக வேண்டும். புதுசு கீழே இறங்கி நின்றிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று கொக்கி நின்றார். அவள் முந்திக்கொண்டாள்.

"நான் வேகமா ஓட்டலன்னு எங்கம்மாகிட்ட சொன்னேன். அவங்களே நம்பல" என்றாள். குரலை உயர்த்தவில்லை. சோதனைக்கு நிறுத்திய பெட்டிகள் தடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை நகர்த்த வேண்டும் என்று மறுபடியும் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. தங்கை கூடத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போல்ட் கட்டிலில் சாய்ந்திருந்தார். வேலை நேரத்தில் அண்ணன் வந்து நிற்பதைப் பார்த்து, "என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?" என்றாள். கொக்கி உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க அவள் கை கொடுக்க வேண்டியிருக்கும். நின்றபடியே சொன்னார். தட்டிப் பார்த்தது, வட்டம் போட்டது, தகடு, கதவைத் திறந்து பார்த்து மூடியது, கவனிக்கவில்லை என்று பொய் சொன்னது, ஒன்றையும் பூசி மெழுகவில்லை. மாப்பிள்ளையின் காலை எடுத்தது தான்தான் என்று அதே வார்த்தையில் சொன்னார்.

தங்கையின் கத்தி பாதிக் காயில் நின்றிருந்தது. முதலில் பேசியது போல்ட்.

"எனக்குத் தெரியும் மச்சான்."

"என்ன தெரியும்?"

"சத்தம் கேட்டதும் தெரிஞ்சுது. காலிப் பெட்டி இடிச்சா எப்படிக் கத்தும்னு எனக்குத் தெரியாதா? எடை இருக்குன்னு புரிஞ்சு எந்திரிக்கப் பார்த்தேன். அதுக்குள்ள வந்துடுச்சு."

"ஏன் மாப்ள சொல்லல? விசாரணைக்கு உங்கிட்டயும் வந்து எழுதிட்டுப் போனாங்களே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நீங்க சொல்லல. நான் சொல்லி உங்களுக்கு வேலை போச்சுன்னா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒரே கூடத்துல உக்காந்து சாப்பிடறது? போன கால் போயிடுச்சு. சரி, அந்தப் பொண்ணு சின்ன வயசு, வேற வேலை தேடிக்கும்னு விட்டுட்டேன்."

இரண்டு பேரும் தங்கையைப் பார்த்தார்கள். அழுவாள், கத்துவாள், கையில் இருப்பதைத் தூக்கி எறிவாள் என்று கொக்கி தயாராக நின்றார். அப்படி எறிந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கத்தியைத் தட்டின்மேல் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"நான் அவளத் தினமும் சபிச்சேன்" என்றாள். "காலையில சபிச்சேன், மத்தியானம் சபிச்சேன். உங்க ரெண்டு பேருக்கும் சோறு போட்டுக்கிட்டேதான் சபிச்சேன். நீங்க ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டே சாப்பிட்டீங்க."

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு வீடு எங்க இருக்கு?"

கொக்கி போல்ட்டைப் பார்த்தார். போல்ட் கொக்கியைப் பார்த்தார். இரண்டு வருடம் கூட வேலை செய்தவளின் வீடு எந்தத் தெருவில் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"நான் யார்டுல விசாரிச்சுக்கிறேன்" என்றாள்.

"இரும்மா, நானும் வர்றேன்" என்று கொக்கி வாசலுக்கு வந்தார்.

"நீ வராத" என்றாள் தங்கை. "நான் சபிச்சதுக்கு நான் போய்க் கேட்டுக்கிறேன். உன்னோடதுக்கு நீ தனியாப் போ."

வெயிலில் அவள் தெருமுனைவரை நடந்து திரும்புகிறவரை கொக்கி வாசலிலேயே நின்றார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே போய் அதை அணைத்துவிட்டு, செருப்பைத் தேடினார்.